சிவில் 3டி இழுக்கிறதா? புது சிஸ்டத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன் ஓர் ஒப்பீடு

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் உள்ள சிவில் டிசைன் அலுவலகங்கள் பெரும்பாலும் சின்னவை. இரண்டு மூன்று இன்ஜினியர்கள், ஒரு டிராஃப்ட்ஸ்மேன், நாலைந்து சிஸ்டம். பஞ்சாயத்து ரோடு, சானல் சீரமைப்பு, மனைப்பிரிவு லேஅவுட், கல்யாண மண்டபம், எப்போதாவது நான்குவழிச் சாலை வேலையில் ஒரு துண்டு. சாலைக்கும் மண் வேலைக்கும் ஆட்டோடெஸ்க்கின் சிவில் 3டி என்ற டிசைன் சாஃப்ட்வேர், கட்டடத்தின் பலத்தைக் கணக்கிட ஸ்டாட் ப்ரோ அல்லது ஈடேப்ஸ். வேலை பெரிதாக ஆக, சிஸ்டம் இழுக்க ஆரம்பிக்கும். காரிடருக்கு (ரோட்டின் முப்பரிமாண மாடல்) ரீபில்ட், அதாவது மறுபடி கட்டச் சொல்லும் கட்டளை, கொடுத்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்தாலும் திரை 'நாட் ரெஸ்பாண்டிங்' என்றே நிற்கும். உடனே எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: புது சிஸ்டம் வாங்குங்கள்.

வாங்கலாம். ஆனால் கையில் வேறு வழிகளும் இருக்கின்றன. ஃபைலையும் செட்டிங்ஸையும் சரிசெய்வது ஒன்று. இருக்கிற சிஸ்டத்துக்கே ரேமும் எஸ்எஸ்டியும் போடுவது இன்னொன்று. மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் கிளவுட் சிஸ்டம் இருக்கிறது. சாஃப்ட்வேரையே மாற்றிவிடும் யோசனையும் உண்டு. இவற்றில் எதை முதலில் செய்வது என்பதில் எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது: முதலில் ஃபைல், அடுத்து எஸ்எஸ்டியும் ரேமும், அதன் பிறகே புது டெஸ்க்டாப். கிராபிக்ஸ் கார்டு கடைசி. கிளவுட் எப்போதாவது. இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்து லட்சக்கணக்கில் செலவழித்த பிறகும் அதே ஃபைல் அதே மாதிரி இழுப்பதை நம் ஊரில் பல அலுவலகங்களில் பார்க்கிறேன். அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கே இழுக்கிறது என்று முதலில் பாருங்கள்

இதற்குக் காசு வேண்டாம். கனமான ஃபைலைத் திறந்து ரீபில்ட் கொடுங்கள். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைப் பாருங்கள். நான்கு எண்கள் போதும்: ப்ராசசர், மெமரி, டிஸ்க், நெட்வொர்க்.

ப்ராசசர் எண்ணில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 6 சதவீதம், 7 சதவீதம் என்று காட்டும். "ப்ராசசர் சும்மாதான் இருக்கு, அப்போ கிராபிக்ஸ் கார்டுதான் பத்தவில்லை" என்று முடிவு கட்டிவிடுவார்கள். விஷயம் அதுவல்ல. 16 லாஜிக்கல் ப்ராசசர் உள்ள சிப்பில் ஒரே ஒரு த்ரெட் (ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் ஒரு கணக்கு வரிசை) முழு மூச்சாக ஓடினால் மொத்தக் கணக்கில் அது 6 சதவீதத்துக்குச் சற்று மேல்தான் வரும். நூறைப் பதினாறால் வகுத்துப் பாருங்கள். ஆட்டோகேட் குடும்பத்தில் பெரும்பாலான வேலைகள் ஒரே த்ரெட்டில்தான் நடக்கும். சிவில் 3டியில் சர்ஃபேஸ் (நில மேற்பரப்பின் மாடல்) கட்டுவதும் காரிடர் ரீபில்டும் அப்படித்தான். எண் 6, 7 என்று அசையாமல் நின்றால், உங்கள் ப்ராசசர் தன்னால் முடிந்த வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி, கூடவே டிஸ்க்கும் ஓயாமல் ஓடினால் ரேம் போதவில்லை. மெமரி பாதியில் நிற்க டிஸ்க் மட்டும் 100 சதவீதம் என்றால் பழைய ஹார்டு டிஸ்க்தான் முட்டுக்கட்டை. சர்வரில் இருக்கும் ஃபைலைத் திறக்கும்போது நெட்வொர்க் வரைபடம் 95 எம்பிபிஎஸ் பக்கம் தட்டையாக நின்றால் கேபிளையோ ஸ்விட்சையோ பாருங்கள். இந்தக் கடைசி விஷயத்தை யாரும் சந்தேகப்படுவதே இல்லை. 100 எம்பிபிஎஸ் லைனில் 200 எம்பி டிராயிங் வந்து சேர 16 நொடி ஆகும். கிகாபிட் லைனில் 2 நொடிக்குள் வந்துவிடும். எலி கடித்த ஒரு கேபிளோ பழைய ஸ்விட்ச்சோ இருந்தால் போதும், முழு அலுவலகமும் 'சிவில் 3டி மோசம்' என்று புலம்பிக்கொண்டிருக்கும்.

ஃபைலில் கை வைப்பது

நம் மாவட்டத்தில் ஃபைல் கனமாவதற்கு முதல் காரணம் ட்ரோன் சர்வே. திருவட்டாறு, கல்குளம், விளவங்கோடு என்று உள்ளே போகப்போக ரப்பர். மற்ற இடங்களில் தென்னந்தோப்பு, குளத்துக் கரையில் வாழை. கேமரா ட்ரோன் எடுக்கும் படங்களிலிருந்து வரும் பாயிண்ட் கிளவுடில் கோடிக்கணக்கான புள்ளிகள் இருக்கும். அவற்றில் பெரும்பகுதி இலைகளின் மேற்பரப்பு. தரை, இலை இடைவெளியில் தெரிந்த அளவுக்குத்தான். அதை அப்படியே சிவில் 3டிக்குள் கொட்டினால் ரப்பர் இலைகளுக்கு முக்கோணம் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வேகமும் போச்சு, மண் வேலைக் கணக்கும் போச்சு.

ஒரு டின் சர்ஃபேஸில் (புள்ளிகளை முக்கோணங்களாக இணைத்த மேற்பரப்பு) முக்கோணங்களின் எண்ணிக்கை புள்ளிகளின் எண்ணிக்கையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. 10 லட்சம் புள்ளி என்றால் 20 லட்சம் முக்கோணம். 8 கிலோமீட்டர் ரோடு, 60 மீட்டர் அகலத்துக்கு சர்வே என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 48 ஹெக்டேர். ஒரு மீட்டருக்கு ஒரு புள்ளி என்றால் 4.8 லட்சம் புள்ளி. இரண்டு மீட்டருக்கு ஒன்று என்றால் 1.2 லட்சம்தான். ஏலா (வயல்வெளி) நடுவே போகும் சமதள ரோட்டுக்கு இரண்டு மீட்டர் தாராளம். ரோட்டு விளிம்பு, குளத்து பண்டின் மேல்மட்டம், சானல் கரை, ஓடை இவற்றை டோட்டல் ஸ்டேஷன் சர்வே கருவியில் எடுத்து பிரேக்லைனாக (முக்கோணங்கள் குறுக்கே தாண்டாத விளிம்புக் கோடு) சேர்த்துவிட்டால், கோடிப் புள்ளி தராத துல்லியத்தை இந்த ஒரு லட்சம் தரும்.

பாயிண்ட் கிளவுடை இளைக்க வைக்கும் வேலையை சிவில் 3டிக்கு வெளியே செய்யுங்கள். கிளவுட்கம்பேர் இலவசம். அதிலுள்ள சிஎஸ்எஃப் ஃபில்டர் தரையையும் மரத்தையும் பிரிக்கும். பிரித்த தரையை இடைவெளி கொடுத்துக் குறைத்து, டெக்ஸ்ட் ஃபைலாக வெளியே எடுங்கள். இன்னொன்று: ரப்பர் இலை உதிர்க்கும் காலம் டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை. தேதியைத் தள்ளிவைக்க வாய்ப்பிருந்தால் அப்போது ட்ரோன் பறக்கவிடச் சொல்லுங்கள். கேமராவுக்குத் தெரியும் தரை அப்போது கூடும். லைடார் ட்ரோன் என்றால் இலைக்குள்ளும் ஓரளவு இறங்கும். ஆனால் செலவு அதிகம், சின்ன ரோட்டுக்குக் கட்டுப்படியாகாது.

வெளியே எடுத்த ஃபைலை எப்படி உள்ளே கொண்டுவருகிறீர்கள் என்பதும் முக்கியம். பழக்க தோஷத்தில் பலர் இம்போர்ட் பாயிண்ட்ஸ் கொடுத்து, ஒரு லட்சம் கோகோ பாயிண்ட்டை (தனித்தனிப் பொருளாக நிற்கும் சர்வே புள்ளி) உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் நம்பர், லெவல், விவரம் என்று லேபிளும் போட்டு வைக்கிறார்கள். அந்த லேபிள்களே ஃபைலைக் கொன்றுவிடும். சர்ஃபேஸின் டெஃபினிஷனுக்குள் பாயிண்ட் ஃபைல்ஸ் என்ற இடம் இருக்கிறது. அங்கே நேரடியாகச் சேருங்கள். கோகோ பாயிண்ட் என்பது பெஞ்ச் மார்க், கல், கம்பம் மாதிரி தனித்தனியாகக் கையாள வேண்டிய புள்ளிகளுக்கு மட்டும்.

மண்டலம் மாறி வரும் புள்ளிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கன்னியாகுமரி மாவட்டம் யூடிஎம் என்ற வரைபட ஆயமுறையில் 43 மண்டலத்தில் இருக்கிறது. 78 பாகை கிழக்குத் தீர்க்கரேகை தாண்டினால் 44. தூத்துக்குடியும் மதுரையும் அந்தப் பக்கம். அங்கே வேலை செய்துவிட்டு வந்த சர்வேயரின் கருவியில் 44 அப்படியே இருந்தால், நாகர்கோவிலின் ஈஸ்டிங் (மீட்டரில் கிழக்குத் திசை அளவு) 7 லட்சத்து 60 ஆயிரம் பக்கம் வராமல் 1 லட்சத்து சொச்சத்தில் வரும். முழு ஃபைலும் அப்படி வந்தால் உடனே தெரிந்துவிடும். நாலு புள்ளி மட்டும் கலந்துவிட்டால்தான் ஆபத்து: 600 கிலோமீட்டருக்கு மேல் நீளும் முக்கோணங்கள், அவற்றின் மீது ஓடும் கான்டூர்கள் (சம உயரக் கோடுகள்). ஜூம் எக்ஸ்டென்ட்ஸ் கொடுத்ததும் உங்கள் ரோடு ஒரு புள்ளியாகச் சுருங்கினால் இதுதான் நடந்திருக்கிறது. சர்ஃபேஸின் பில்ட் பகுதியில் அதிகபட்ச முக்கோண நீளத்தைக் கட்டுப்படுத்துங்கள், வெளி எல்லை ஒன்று போடுங்கள். குறிப்பிட்ட லெவலுக்குக் கீழே உள்ள புள்ளிகளை விலக்கும் வசதியும் அங்கேயே உண்டு. அதைக் கடலோரத்தில் கவனமாகப் பயன்படுத்த வேண்டும். மணக்குடி, தேங்காய்ப்பட்டணம் மாதிரி பொழிமுகத்தில் ஆற்றுப் படுகையின் உண்மையான லெவலே பூஜ்யத்துக்குக் கீழே போகும்.

சர்ஃபேஸ் கட்டி முடிந்ததும் ஸ்டைலை மாற்றிவிடுங்கள். அரை மீட்டர் கான்டூர், முக்கோணம், அம்புக்குறி எல்லாம் எரிந்துகொண்டிருக்க வேண்டிய அவசியமில்லை. எல்லைக் கோடு மட்டும் காட்டும் ஸ்டைல் ஒன்று வைத்துக்கொண்டு, ஷீட் எடுக்கும்போது மட்டும் கான்டூரைக் காட்டுங்கள். ரீபில்ட் ஆட்டோமேட்டிக்கை சர்ஃபேஸ், காரிடர் இரண்டிலும் எடுத்துவிடுங்கள். ப்ரொஃபைலில் (ரோட்டின் நீளவாக்கு லெவல் கோடு) ஒரு பிவிஐயை (சரிவு மாறும் புள்ளி) நகர்த்தினால் முழு ரோடும் மறுபடி கட்டப்படுவதற்கு இந்த ஒரு டிக்தான் காரணம். நான்கைந்து மாற்றம் செய்துவிட்டு நீங்களாக ரீபில்ட் கொடுத்தால் போதும். சர்ஃபேஸில் எடிட் நிறையச் சேர்ந்துவிட்டால் ஸ்னாப்ஷாட் எடுத்து வையுங்கள். ரீபில்ட் அங்கிருந்து ஆரம்பிக்கும், பழையதையெல்லாம் மறுபடி ஓட்டாது.

காரிடரில் கவனிக்க வேண்டியது ஃப்ரீக்வென்சி. 8 கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் இடைவெளி கொடுத்தால் 8,000 இடத்தில் அசெம்பிளி (ரோட்டின் குறுக்குவெட்டு) உட்காரும். 10 மீட்டர் கொடுத்தால் 800. வேலை நடக்கும்வரை நேர்ப்பகுதியில் 10, 20 என்று வைத்துக்கொண்டு, குவான்டிட்டி எடுக்கும் நாளில் நெருக்குங்கள். பேச்சிப்பாறை பக்கம் மலை ரோடாக இருந்தால் வளைவுகளில் மட்டும் ஆரம்பத்திலிருந்தே நெருக்கமாக வைப்பது நல்லது, இல்லையென்றால் உள்வளைவில் சரிவு தவறாகத் தெரியும்.

எல்லாவற்றையும் ஒரே டிராயிங்கில் வைக்கும் வழக்கத்தை விட்டால் கிடைக்கும் பலன், நான் மேலே சொன்ன அத்தனையும் சேர்ந்து தரும் பலனுக்குச் சமம். சர்ஃபேஸ் ஒரு டிராயிங். அலைன்மென்ட்டும் (ரோட்டின் மையக்கோடு) ப்ரொஃபைலும் ஒன்று. காரிடர் இன்னொன்று, நீளமான ரோடு என்றால் துண்டு துண்டாக. ஷீட்டுகள் தனி. இவற்றை டேட்டா ஷார்ட்கட் (வேறு டிராயிங்கில் உள்ளதை இணைப்பாக மட்டும் காட்டும் வசதி) வழியே கோத்துவிட்டால், ப்ரொஃபைல் பார்ப்பவர் சர்ஃபேஸின் முழுச் சுமையையும் தன் ஃபைலில் சுமக்க வேண்டாம், இரண்டு பேர் ஒரே நேரத்தில் வேலையும் செய்யலாம். 'நம்ம வேலைக்கு இதெல்லாம் எதுக்கு, சின்ன ரோடுதானே' என்பார்கள். இரண்டு கிலோமீட்டர் பஞ்சாயத்து ரோட்டுக்கு வேண்டாம், சரி. அதற்கு மேல் போனால் கட்டாயம் வேண்டும்.

மிச்சமிருப்பது குப்பை. பழைய வேலையின் டிராயிங்கை சேவ் ஆஸ் செய்து, உள்ளதை அழித்துவிட்டுப் புது வேலையை ஆரம்பிப்பது நம்மிடம் பரவலான பழக்கம். அழித்தது கண்ணுக்குத்தான் போகும். பயன்படாத பிளாக், ரெக்ஆப் (மற்ற புரோகிராம்கள் விட்டுச்செல்லும் பதிவு), பல வருடத்து ஸ்கேல் லிஸ்ட், எங்கிருந்தோ வந்த டிஜிஎன் லைன்டைப் எல்லாம் உள்ளேயே உட்கார்ந்து அடுத்த வேலைக்கும் பயணம் செய்யும். ஒரு காப்பி எடுத்து வைத்துவிட்டு ஆடிட், பர்ஜ், ரெக்ஆப் பர்ஜ், ஸ்கேல் லிஸ்ட் ரீசெட் கொடுங்கள். கட் காப்பி பேஸ்ட்டில் வந்த சர்வே கோடுகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தால், அவற்றை நீக்க ஓவர்கில் கட்டளை. அப்புறம் சுத்தமான டெம்ப்ளேட் ஒன்று உருவாக்கி, இனி எல்லா வேலையும் அதிலிருந்துதான் என்று வையுங்கள். பின்னணியில் ஆன்லைன் மேப் ஓடிக்கொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள்.

இந்த வழியின் குறை, அது ஆளைப் பொறுத்தது என்பதே. புதிதாகச் சேர்ந்த ஒருவர் ஒரு வாரத்தில் பழையபடி ஆக்கிவிட முடியும். அலுவலகத்தில் ஒருவர் இதற்குப் பொறுப்பாக இல்லாவிட்டால் நீடிக்காது.

எஸ்எஸ்டி, ரேம்

இன்னும் ஹார்டு டிஸ்க்கில் விண்டோஸ் ஓடும் சிஸ்டம் இருந்தால் பேச்சே இல்லை, இன்றே எஸ்எஸ்டி போடுங்கள். கொடுக்கிற காசுக்கு இதைவிடப் பெரிய பலன் வேறு எதிலும் வராது. சாதா சாட்டா எஸ்எஸ்டியா, அதைவிட வேகமான என்விஎம்இயா என்பதில் ரொம்ப யோசிக்க வேண்டாம். மதர்போர்டில் இடமிருந்தால் என்விஎம்இ. டிராயிங் திறக்கும் நேரத்தில் பெரும்பகுதி ப்ராசசரின் வேலை என்பதால், பெட்டியில் போட்டிருக்கும் வேக வித்தியாசம் டிராயிங் திறப்பதில் அப்படியே வராது.

சிவில் 3டிக்கு ஆட்டோடெஸ்க் சொல்லும் குறைந்தபட்ச ரேம் 16 ஜிபி. கொஞ்சம் பெரிய சர்ஃபேஸ், கூடவே கூகுள் குரோம், ஒரு எக்செல் என்று திறந்தால் 16 நிரம்பிவிடும். 32 போட்டால் நிம்மதி. ஒரே 32 குச்சியாகப் போடாமல், ஒரே வகையில் இரண்டு 16 போடுங்கள், டூயல் சேனலில் ஓடும். ஆனால் டாஸ்க் மேனேஜரில் 20 ஜிபிக்கு மேல் போகாத சிஸ்டத்துக்கு 64 வாங்கினால் ஒரு நொடிகூடக் குறையாது. பழைய லேப்டாப்பில் ரேம் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கலாம், வாங்கும் முன் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

எஸ்எஸ்டி போட்ட கையோடு இரண்டு விஷயங்கள். ஆன்டிவைரஸில் ப்ராஜெக்ட் ஃபோல்டரை விலக்குப் பட்டியலில் சேர்க்கலாமா என்று சிஸ்டம் பார்ப்பவரிடம் பேசுங்கள், ஒவ்வொரு சேவுக்கும் அது ஃபைலைத் துருவிக்கொண்டிருக்கும். வேலை நடக்கும் ஃபோல்டரை கிளவுட் சிங்க்குக்குள் வைக்காதீர்கள். மாலையில் பேக்கப் எடுத்தால் போதும்.

புது சிஸ்டம்

மேலே உள்ளதெல்லாம் செய்த பிறகும் இழுக்கிறது, ப்ராசசர் எண் ஒரே த்ரெட்டில் முட்டி நிற்கிறது என்றால் இப்போது வாங்க வேண்டியதுதான். எதை வாங்குவது?

கோர் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். ஒரு கோரின் வேகத்தைப் பாருங்கள். ஒரு காரிடர் ரீபில்டுக்குப் பதினாறு கோர் கொடுப்பது, ஒரு சுவரில் பதினாறு கொத்தனாரை நிறுத்துவது மாதிரி. கீழ் வரிசை வைத்து முடிக்காமல் மேல் வரிசை வைக்க முடியாது. ஆட்டோடெஸ்க் பரிந்துரைப்பதும் 3 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் அடிப்படை வேகம், 4க்கு மேல் டர்போ என்றுதான். இந்த இடத்தில்தான் இன்டெலின் சர்வர் வகை சிப்பான சியான் போட்ட பழைய வொர்க்ஸ்டேஷன்கள் பற்றி எச்சரிக்க விரும்புகிறேன். பெரிய கம்பெனிகள் கழித்துவிட்ட இரட்டை சியான் சிஸ்டங்கள், 'இருபது கோர், 64 ஜிபி, வொர்க்ஸ்டேஷன் கிரேடு' என்று மலிவாக விற்கப்படுகின்றன. பார்க்க மிரட்டலாக இருக்கும். பத்து வருடத்துக்கு முந்தைய, 2 கிகாஹெர்ட்ஸ் சொச்சத்தில் ஓடும் கோர் அது. இன்றைய சாதாரண கோர் ஐ5, ரைசன் 5 டெஸ்க்டாப் சிப் சிவில் 3டியில் அதைச் சுலபமாகத் தாண்டும்.

லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா? அலுவலக வேலைக்கு டெஸ்க்டாப் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. லேப்டாப் சிப் முதல் நிமிடம் முழு வேகத்தில் ஓடும், சூடானதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஏசி இல்லாத அறையில் ஏப்ரல், மே மாதம் இது நன்றாகவே தெரியும். பேட்டரியில் ஓடினால் இன்னும் குறையும். அதே விலை டெஸ்க்டாப்பில் கூடுதல் வேகம், பின்னால் ரேமோ டிஸ்க்கோ மாற்றும் வசதி, கெட்டால் நாகர்கோவிலிலேயே பார்க்க ஆள் எல்லாம் கிடைக்கும். கொளச்சல், முட்டம் மாதிரி கடலை ஒட்டிய ஊர்களில் உப்புக் காற்று ஃபேனையும் காண்டாக்டையும் சீக்கிரம் அரிக்கும். அங்கே திறந்து துடைக்க முடிகிற டெஸ்க்டாப்புக்கு இன்னும் மதிப்பு. லேப்டாப்புக்குள்ள ஒரே பெரிய பலம் கரண்ட் போனாலும் வேலை போகாது என்பது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி அடித்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அந்த அளவுக்கு எதுவும் தாங்காது. ஆனால் மழைக்காலத்தில் வந்து போகும் கரண்டுக்கு நல்ல யூபிஎஸ் ஒன்றும் ஒழுங்கான ஆட்டோசேவும் போதும். யூபிஎஸ் காசையும் டெஸ்க்டாப் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

ஏற்கெனவே லேப்டாப் வைத்திருப்பவர்கள் ஒன்றைப் பார்க்க வேண்டும். பல லேப்டாப்பில் இரண்டு கிராபிக்ஸ் இருக்கும். சிவில் 3டி தனிக் கார்டை விட்டுவிட்டு உள்ளிருக்கும் சின்ன கிராபிக்ஸில் ஓடிக்கொண்டிருக்கலாம். விண்டோஸ் டிஸ்பிளே செட்டிங்ஸில் கிராபிக்ஸ் பகுதிக்குப் போய் ஹை பெர்ஃபார்மன்ஸ் என்று மாற்றிவிடுங்கள்.

கிராபிக்ஸ் கார்டு என்றதும் கடைக்காரர்கள் கண் ஒளிரும். சிவில் 3டியில் அது உதவுவது திரையை நகர்த்த, சுழற்ற, பாயிண்ட் கிளவுடைப் பார்க்க. ரீபில்டுக்கு உதவாது. ஒரு நடுத்தரக் கார்டு, 4 முதல் 8 ஜிபி, சரியான டிரைவர். அதற்கு மேல் வேண்டுமானால் இன்ஃப்ராவொர்க்ஸ், நேவிஸ்வொர்க்ஸ், ரெண்டரிங் செய்பவர்கள் யோசிக்கலாம்.

ஸ்ட்ரக்சர் பக்கம் கணக்கு கொஞ்சம் மாறும். ஈடேப்ஸின் மல்டி த்ரெட் சால்வர் பல கோர்களைப் பயன்படுத்தும், அங்கே எட்டு கோருக்கு அர்த்தம் உண்டு. ஸ்டாட் ப்ரோ ரிசல்ட் ஃபைல்களை டிஸ்க்கில் எழுதிக்கொண்டே இருக்கும், மாடலை சர்வரிலிருந்து ஓட்டாமல் சிஸ்டத்தின் எஸ்எஸ்டியிலேயே வைத்து ஓட்டுங்கள். ஆனால் இங்கேயும் முதல் மருந்து மாடலில்தான். ஸ்லாபின் மெஷ் (கணக்குக்காகப் பிரிக்கும் கட்டம்) அளவைப் பாதியாக்கினால் எலிமெண்ட் நான்கு மடங்காகும். அரை மீட்டர் மெஷ் போதுமான இடத்தில் கால் மீட்டர் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதில் பலனில்லை. மோட் (நிலநடுக்கத்தில் கட்டடம் அதிரும் வடிவம்) எண்ணிக்கையும் அப்படித்தான். நிலநடுக்கத் தரநிலையான ஐஎஸ் 1893 கேட்பது குறைந்தது 90 சதவீத மாஸ் பங்கேற்பு (கட்டட எடையில் மோட்கள் கணக்கில் எடுக்கும் பங்கு). அது எந்த மோடில் வருகிறது என்று பார்த்து அதை ஒட்டி நிறுத்துங்கள்.

கிளவுட், வேறு சாஃப்ட்வேர்

கிளவுட் சிஸ்டம் வாடகைக்கு எடுப்பது வருடத்தில் சில நாள்கள் மட்டும் பெரிய பாயிண்ட் கிளவுடோ ரெண்டரிங்கோ வருபவர்களுக்குச் சரி. தினசரி வேலைக்கு வேண்டாம். 40 ஜிபி பாயிண்ட் கிளவுடை 50 எம்பிபிஎஸ் அப்லோடில் ஏற்ற, லைன் விடாமல் ஓடினாலே ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். தென்மேற்குப் பருவமழை ஒரு தடவை, வடகிழக்கு ஒரு தடவை என்று இரண்டு மழை வாங்கும் மாவட்டம் நம்முடையது. மரம் விழுந்து ஃபைபர் அறுந்தால் அன்றைய வேலை நின்றுவிடும். மாலையில் ஷட் டவுன் செய்ய மறந்தால் இரவு முழுக்க மீட்டர் ஓடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாஃப்ட்வேர் மாற்றுவது பற்றி: பிரிக்ஸ்கேட் ப்ரோவில் டின் சர்ஃபேஸ், அலைன்மென்ட், காரிடர் எல்லாம் இருக்கிறது. லேஅவுட், சின்ன ரோடு செய்பவர்கள் முயன்று பார்க்கலாம். ஆனால் மேல் கன்சல்டன்ட் சிவில் 3டி ஃபைலே வேண்டும் என்று கேட்கும் வேலையில் மாற்றினால் தலைவலிதான். நான் சொல்லும் மாற்றம் சின்னது: டிராஃப்ட்ஸ்மேன் சிவில் 3டி ஃபைலிலேயே உட்கார்ந்து டைமென்ஷனும் டைட்டில் பிளாக்கும் போட வேண்டாம். எக்ஸ்போர்ட் டு ஆட்டோகேட் கொடுத்து, சாதாக் கோடுகளான டிராயிங்கை அவருக்குக் கொடுங்கள். பழைய 8 ஜிபி சிஸ்டமே அதற்குப் போதும், ஒரு சிவில் 3டி லைசென்ஸும் மிச்சமாகும். டிசைன் மாறினால் மறுபடி எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும் என்பதுதான் இதில் உள்ள தொந்தரவு. அதனால் அலைன்மென்ட் உறுதியான பிறகு இதைச் செய்யுங்கள்.

ஆக, லேஅவுட்டும் பஞ்சாயத்து ரோடும் செய்யும் அலுவலகம் என்றால் ஃபைல் ஒழுங்கு, எஸ்எஸ்டி, 16 அல்லது 32 ஜிபி ரேம் என்று நிறுத்திக்கொள்ளலாம். நெடுஞ்சாலைத் துண்டு எடுப்பவர்கள் டேட்டா ஷார்ட்கட்டுக்கு மாறி, கிகாபிட் லைன் போட்டு, காரிடர் பார்க்கும் ஒருவருக்கு மட்டும் வேகமான டெஸ்க்டாப் வாங்கினால் போதும். எல்லோருக்கும் ஒரே மாதிரி வாங்கிக் கொடுப்பது தேவையில்லாத செலவு.

எதை வாங்குவதாக இருந்தாலும் உங்களிடம் இருப்பதிலேயே கனமான ஃபைல் ஒன்றைத் தனியாக எடுத்து வையுங்கள். திறக்க எத்தனை நொடி, சர்ஃபேஸ் ரீபில்டுக்கு எத்தனை, காரிடருக்கு எத்தனை என்று போன் ஸ்டாப்வாட்சில் பார்த்து ஒரு தாளில் எழுதுங்கள். ஃபைலைச் சுத்தம் செய்த பிறகு ஒரு தடவை, எஸ்எஸ்டி போட்ட பிறகு ஒரு தடவை அதே மூன்றையும் எழுதுங்கள். புது சிஸ்டம் வாங்கும் நிலை வந்தால், அதே ப்ராசசர் வைத்திருக்கும் நண்பர் அலுவலகம் ஒன்றைத் தேடிப் பிடித்து, பென்டிரைவில் அந்த ஃபைலைக் கொண்டுபோய் அங்கே ஓட்டிப் பாருங்கள். நேரம் பாதியாகக் குறைகிறது என்றால் வாங்குங்கள். பத்து, பதினைந்து சதவீதம்தான் என்றால் அந்தப் பணத்தை இன்னும் ஒரு வருடம் கையில் வைத்திருக்கலாம்.